மனுவில் "மலிவு விலை வீடு" என்று ஒரு வரி எழுதினால் போதுமா?

குன்றத்தூரான்:
குன்றத்தூர் ஒன்றியத்தில் ஓர் ஊராட்சி. 2027-2046க்கான சென்னைப் பெருநகர மூன்றாவது முழுமைத் திட்டத்துக்காக மனு எழுதுகிறோம். "அனைத்துத் தரப்பினருக்கும் மலிவு விலையில் வீடு வேண்டும்" என்று ஒரு வரி போட்டிருக்கிறார்கள். இதை யாரும் மறுக்கவும் மாட்டார்கள், செய்யவும் மாட்டார்கள். சுற்றிலும் வயல் எல்லாம் மனைப்பிரிவு ஆகிறது. ஒரகடம் பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர்கள் வாடகை வீட்டுக்கு அலைகிறார்கள். சி.எம்.டி.ஏ.விடம் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) குறிப்பாக எதைக் கேட்பது? என்ன அளவு, எந்த இடம், யார் கண்காணிப்பது என்ற கணக்கில் சொல்லுங்கள்.

அளவுகோல்:
வீட்டை விடுங்கள், மனை அளவில் ஆரம்பியுங்கள். 10 ஏக்கர் என்றால் 4,35,600 சதுர அடி. சாலைக்கு 30 சதவீதம் போனால் மீதி 3,04,920. அதில் பூங்காவுக்கு விட வேண்டிய 10 சதவீதத் திறந்தவெளி ஒதுக்கீட்டை (ஓ.எஸ்.ஆர்.) கழித்தால் விற்பனைக்கு 2,74,428 சதுர அடி நிற்கும். முழுக்க ஒரு கிரவுண்டாக (2,400 சதுர அடி) வெட்டினால் 114 மனை. அதையே 40 சதவீதப் பரப்பு 600 சதுர அடி மனையாகவும், 40 சதவீதம் அரை கிரவுண்டாகவும், மிச்சம் முழு கிரவுண்டாகவும் பிரித்தால் 182 + 91 + 22, அதாவது 295. அதே நிலம், அதே சாலை. (சிறு மனைக்குக் குறுக்குத் தெரு கூடுதலாக வேண்டும். அதனால் சாலைக் கணக்கு ஓரிரு சதவீதம் ஏறும்.)

ஆனால் அளவை மட்டும் கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள். 600 என்பது வழக்கமாக 15க்கு 40. ஒரு பக்கம் 1 மீட்டர் விட்டால் அகலம் 11 அடி 9 அங்குலம். இரண்டு பக்கமும் ஒன்பது அங்குலச் சுவர் போக உள்ளே 10 அடி சொச்சம். ஒரு கட்டிலும் பீரோவும் போட்டால் நடக்க வழி இராது. பக்கத்துக்குப் பக்கம் அந்த 1 மீட்டர் சந்தும் குப்பை சேரத்தான் ஆகும். ஆகவே சிறு மனை வரிசைகளைத் தொடர் கட்டடப் பகுதியாக அறிவிக்கச் சொல்லி மனுவிலேயே கேளுங்கள். பக்கவாட்டில் இடம் விட வேண்டாம், காற்றும் வெளிச்சமும் முன்பக்கம், பின்பக்கம், நடு முற்றம் வழியாக வரும். 2024-இல் வந்த சுயசான்று அனுமதி, 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமும் மாடியும் கட்டுவதற்கானது. 600 சதுர அடிக்காரர் அதில் வசதியாக அடங்குவார். இன்றைக்குக் கீழ்வீடு, கையில் காசு சேர்ந்ததும் மேல்வீடு.

இது புதிய யோசனையும் இல்லை. உலக வங்கிக் கடனில் 1970களின் கடைசியில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரிலும், பிறகு முகப்பேரிலும் செய்ததுதான்: மனை, தண்ணீர்க் குழாய், சாக்கடை, தெரு போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டை அவரவர் கட்டட்டும் என்று விட்டார்கள். பெரிய மனையும் கடை மனையும் கூடுதல் விலைக்குப் போய், சின்ன மனையின் விலையைத் தாங்கின.

ஏரிக்கரை:
அளவுகோல் சொன்னது சரி, ஆனால் எங்கே என்பதை விட்டுவிட்டார். நகரத்துக் குடிசைவாசிகளை மாற்றிக் குடியமர்த்திய கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் மூன்றிலும் குடியிருப்பு எண்ணிக்கைக்குக் குறைவில்லை. ஊருக்குள் வீட்டு வேலை, மீன் விற்பனை, கட்டட வேலை செய்தவர்களை 20, 25 கிலோமீட்டர் தள்ளி வைத்ததுதான் தப்பு. பெண்கள் பலருக்கு முதலில் போனது வேலை. போதாததற்கு பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குத் தண்ணீர் போகிற வழியில் நிலம். பெரும்பாக்கத்தில் எட்டுத் தளம் வேறு. லிப்ட் நின்றால் உச்சித் தளத்துக்குக் குடம் தூக்குவது யார்? மாடி ஏற ஏற மோட்டார், லிப்ட், ஜெனரேட்டர் என்று மாதச் செலவு ஏறும், குடியிருப்பவர் வருமானம் ஏறாது. மலிவு வீட்டுக்கு நான்கு தளத்துக்கு மேல் கேட்காதீர்கள்.

வேலையை இப்படித் தொடங்குங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடு (ஊரின் நில விவரப் பதிவேடு) பார்த்து அரசுப் புறம்போக்கு அத்தனையும் சர்வே எண்ணோடு எழுதுங்கள். ஏரி, ஓடை, வாய்க்கால், மேய்க்கால் என்று வருவதை முதலிலேயே அடித்துவிடுங்கள். 2015 வெள்ளத்தில் எதுவரை தண்ணீர் நின்றது என்று ஊரில் கேட்டு வரைபடத்தில் கோடு போடுங்கள். மிஞ்சுவதில் பேருந்து நிறுத்தத்துக்கு 10 நிமிட நடைக்குள் எது இருக்கிறதோ, அந்தச் சர்வே எண்ணைச் சொல்லி "சிறு வீடுகளுக்கு ஒதுக்குக" என்று கேளுங்கள். மெட்ரோ பேச்சு வந்த பிறகு கேட்டால் நிலம் கிடைக்காது.

வாடகைக்காரன்:
இரண்டு பேரும் சொந்த வீட்டையே பேசுறீங்க. ஒரகடத்துல இரண்டு வருஷ ஒப்பந்த வேலைல இருக்கிற பையன் 600 சதுர அடி மனை வாங்க மாட்டான் சார். வல்லம் வடகாலில் 18,720 படுக்கையோட சிப்காட் மகளிர் விடுதி 2024-இல் திறந்தாங்க. வேலைக்குப் போற பெண்களுக்குத் தோழி விடுதியும் இருக்கு. நல்லதுதான். ஆனா கல்யாணம் ஆன மறுமாசம் விடுதியில இடமில்லை. நடுவுல இருக்கிற ஆளுக்கு, ஒரு ரூமும் சமையலறையும் சேர்ந்த 250, 300 சதுர அடி வாடகை வீடு வேணும். அதைக் கட்டுறது அரசு இல்லை, அளவுகோல் சொன்ன அந்த மேல்வீட்டுக்காரர்தான்.

அட்வான்ஸையும் எழுதுங்க. 2017 வாடகைச் சட்டப்படி வேற ஒப்பந்தம் இல்லாட்டி மூணு மாச வாடகைதான் முன்பணம். அந்த "வேற ஒப்பந்தம்"தான் ஓட்டை, பத்து மாசம் வாங்குறது அது வழியாத்தான். அரசு நிலத்துல கட்டுற வாடகை வீட்டுலயாவது மூணுக்கு மேல கூடாதுன்னு நிபந்தனை கேளுங்க.

குன்றத்தூரான்:
நன்றி. கூட்டத்தில் ஓர் எதிர்ப்பு வந்தது: சிறு மனை வந்தால் ஊர் நெரிசலாகும், நம் மனை விலையும் விழும் என்கிறார்கள். இரண்டாவது சந்தேகம், சிறு வீடுகளுக்கான 10 சதவீத ஒதுக்கீடு ஏற்கெனவே இருந்ததே?

அளவுகோல்:
விலை விழும் என்பவரை ஒருநாள் முகப்பேருக்கு அழைத்துப் போய்க் காட்டுங்கள். நெரிசல் பயத்தில் மட்டும் கொஞ்சம் நியாயம் உண்டு, ஆனால் அது கழிவுநீர்க் கணக்கு. 295 மனை, மனைக்கு இரண்டு குடும்பம், குடும்பத்துக்கு நாலு பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்றால் நாளுக்கு 3.2 லட்சம் லிட்டர் தண்ணீர். அதில் 80 சதவீதம் கழிவாக வந்தால் 2.5 லட்சத்துக்கு மேல், 12,000 லிட்டர் லாரியில் 21 லோடு. 600 சதுர அடியில் செப்டிக் டேங்கும் போர்வெல்லும் பத்தடி இடைவெளியில் இருந்தால் நாலைந்து வருடத்தில் போர் தண்ணீர் நாறும். எனவே சிறு மனைப்பிரிவுக்குப் பொதுச் சாக்கடையும் சுத்திகரிப்பு நிலையமும் முடிந்த பிறகே இறுதி ஒப்புதல் என்று கேளுங்கள்.

10 சதவீதம் பற்றி: 2008 விதிகளில், மனையிடம் 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் 10 சதவீத நிலத்தில் 45 சதுர மீட்டருக்கு மிகாத வீடுகள், அதே இடத்தில் அல்லது 2 கிலோமீட்டருக்குள் என்றிருந்தது. இணைத்துப் பெரிதாக்கவும் கூடாது. யார் போய்ப் பார்ப்பது? அடுத்தடுத்து இரண்டு மூன்றை ஒரே குடும்பம் வெவ்வேறு பெயரில் வாங்கி நடுச்சுவரை இடித்தால் பத்திரப் பதிவில் தெரியாது, கட்டட அனுமதிக்கு வரும்போதுதான் தெரியும். அதனால் அந்த மனை எண்களை மனைப்பிரிவு வரைபடத்திலேயே தனி நிறத்தில் குறித்து, "இணைக்கத் தடை" என்று கிரயப் பத்திரச் சொத்து விவரத்திலும் ஏற்றச் சொல்லுங்கள். ஒதுக்கீட்டுக்குப் பதில் பணமாகக் கட்டிவிட்டு விலக அனுமதித்தால், அந்தப் பணம் உங்கள் ஒன்றியத்துக்குள்ளேயே செலவாக வேண்டும் என்றும் ஒரு வரி சேருங்கள். இல்லையென்றால் கட்டணம் இங்கே வசூலாகும், வீடு வேறெங்கோ முளைக்கும்.