புதுப்பிப்பு: வடகடல் கிணற்றின் அமிழ்வு வளைகோடு ஒத்துவந்துவிட்டது

வடகடலின் மத்தியப் பிளவுப்படுகையில் ஒரு கிணற்றுக்கு அமிழ்வு வரலாறு (படுகையின் அடித்தளம் காலப்போக்கில் எவ்வளவு தாழ்ந்தது என்பது) கணக்கிட்டபோது, பிந்தைய கிரிட்டேசியஸ் (சுமார் 10 முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய) பகுதி மட்டும், புவியோடு நீண்டு மெலிந்து பிறகு குளிர்ந்து தாழ்வதைக் கணிக்கும் மெக்கன்சியின் 1978 மாதிரியை விடக் குறைவாகவே அமிழ்வு காட்டுகிறது, ஏன் என்று கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

தீர்வு தந்தது, “கிணறு முழுக்க ஒரே இறுக்க மதிப்பைப் போடாதீர்கள்” என்ற யோசனைதான். மேலே படியும் சுமையால் ஒரு பாறை எவ்வளவு நெரிந்து மெலிகிறது என்பதே இறுக்கம்; பிந்தைய கிரிட்டேசியஸ் பகுதியில் இருப்பது சீமைச்சுண்ணாம்புப் பாறை. ஸ்கிளேட்டர்–கிறிஸ்டி 1980 மதிப்புகளில் சீமைச்சுண்ணாம்புப் பாறைக்குத் தொடக்க நுண்துளைமை (படியும்போது பாறையில் துளைகளின் பங்கு) 0.70, ஆழத்தோடு அது குறையும் வீதம் கிலோமீட்டருக்கு 0.71. களிமணலுக்கு 0.56, 0.39. வித்தியாசம் சின்னதில்லை: இன்று 3 கி.மீ. ஆழத்தில் தொடங்கும் 500 மீட்டர் அடுக்கு, படிந்து முடிந்தபோது களிமணல் கணக்கில் 810 மீட்டர், சீமைச்சுண்ணாம்புக் கணக்கில் 950. இதை மாற்றியதுமே வளைகோடு பெருமளவு பொருந்திவிட்டது.

அப்புறம் கடல்மட்டத் திருத்தம். பழைய நீராழத்தை அப்படியே கூட்ட வேண்டும். கடல்மட்ட உயர்வைச் சுமார் 1.45 ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும் (புவியோட்டுக்குக் கீழுள்ள மேன்டிலின் அடர்த்தி கன மீட்டருக்கு 3300 கிலோ, கடல்நீர் 1030). இதனால் சிறிய மாற்றம்தான்.

எதிர்பாராதது, கிரிட்டேசியஸை அடுத்து வந்த பேலியோசீன் காலம். அங்கே வளைகோடு திடீரென வேகமாக இறங்குகிறது. வெப்பத்தணிவு மட்டும் அதை விளக்காது. வடகடலில் பரவலாகத் தெரிந்த விஷயம் இது என்பதால் அதை “சரிசெய்ய” முயலவில்லை.

ஒரு எச்சரிக்கை: எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயல் போல மிகையழுத்தம் உள்ள (துளைகளில் உள்ள திரவம் வழக்கத்தை விட அதிக அழுத்தத்தில் இருக்கும்) இடங்களில் சீமைச்சுண்ணாம்புப் பாறை 3 கி.மீ. ஆழத்திலும் 30 சதவீதத்துக்கு மேல் நுண்துளைமையைத் தக்கவைத்திருக்கிறது. அங்கே பொதுச் சூத்திரத்தை நம்பாமல், கிணற்றில் அளந்த நுண்துளைமையையே பயன்படுத்துங்கள்.