தரையில் வைத்தால் ரோபோ ரீசெட் ஆகிறது, எந்த பேட்டரி போடலாம்?

கேள்வி:
நான்கு மஞ்சள் கியர் மோட்டார், ஆர்டுயினோ ஊனோ கட்டுப்பாட்டு போர்டு, மோட்டார்களை ஓட்டும் எல்298என் டிரைவர், முன்னால் ஒரு அல்ட்ராசோனிக் சென்சார், அதைத் திருப்ப ஒரு குட்டி செர்வோ. எல்லாமே ஒரே ஒரு சதுர 9 வோல்ட் பேட்டரியில் ஓடுகிறது. கையில் தூக்கிப் பிடித்தால் சக்கரங்கள் நன்றாகச் சுற்றுகின்றன, தரையில் வைத்தால் இரண்டு அடி போனதும் போர்டு விளக்கு மங்கி எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது. மூன்று நாளாக புரோகிராமைத்தான் திருத்திக்கொண்டிருக்கிறேன். மீட்டரில் பேட்டரி 9.1 வோல்ட் காட்டுகிறதே, அப்புறம் என்ன குறை?

பதில் 1:
புரோகிராமை விட்டுவிடுங்கள், அதில் தவறு இல்லை. ரோபோ தரையில் ஓடும்போது அதே பேட்டரியை அளந்து பாருங்கள். அந்தச் சதுர பேட்டரி புகை அலாரம், மல்டிமீட்டர் போன்ற கொஞ்சமாக இழுக்கும் கருவிகளுக்கானது. கொள்ளளவு 500 எம்ஏஎச் (மில்லியாம்பியர்-மணி) அளவுதான், உள்மின்தடையோ ஒன்றிரண்டு ஓம். உங்கள் மோட்டார் ஒவ்வொன்றும் கிளம்பும் நொடியில் சுமார் 1 ஆம்பியர் கேட்கும். 2 ஆம்பியர் போனாலே 2 ஓமில் 4 வோல்ட் உள்ளேயே தொலைந்துவிடும், ஊனோ எப்படித் தாங்கும்?
ஆறு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ஏஏ செல்களைத் தொடராகப் போடுங்கள். 7.2 வோல்ட், 2000 எம்ஏஎச். எல்298என் தானே 2 வோல்ட் போல விழுங்கிவிடும், மீதி 5 வோல்ட் சொச்சம் அந்த மோட்டாருக்குச் சரியாக இருக்கும்.

பதில் 2:
நான் இரண்டு 18650 லித்தியம் செல்களைத் தொடராக வைத்துத்தான் ஓட்டுகிறேன். 7.4 வோல்ட், முழு சார்ஜில் 8.4, எடையும் குறைவு. ஆனால் லித்தியம் என்றால் அலட்சியம் கூடாது, செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுவிடும், ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும். பாதுகாப்பு போர்டும் ஒரு ஃபியூஸும் கட்டாயம் போடுங்கள். டிபி4056 சார்ஜர் ஒற்றை செல்லுக்கானது, தொடராக இருக்கும் இரண்டுக்கு அதைப் போடாதீர்கள். முதல் ரோபோ என்றால் மேலே சொன்ன ஏஏ செல்லே நல்லது என்று நானும் சொல்வேன்.
எந்த பேட்டரி போட்டாலும் செர்வோவை ஊனோவின் 5 வோல்ட் பின்னில் மாட்டாதீர்கள். ஒரு பக் கன்வர்ட்டரை (வோல்ட்டைக் குறைத்துத் தரும் சிறு போர்டு) முதலில் தனியாக 5 வோல்ட்டுக்குத் திருகி அளந்து பார்த்துவிட்டு, செர்வோவுக்கு அதிலிருந்து கொடுங்கள். கிரவுண்ட் (மைனஸ் இணைப்பு) மட்டும் எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்க வேண்டும், பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

கேட்டவர்:
ஓடும்போது அளந்தேன், 5.3 வோல்ட்! மூன்று நாள் வீணாகிவிட்டது. ஏஏ செல்லே வாங்குகிறேன். எவ்வளவு நேரம் ஓடும்?

பதில் 1:
மீட்டர் கம்பியை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பேட்டரியோடு தொடராக வைத்து, தரையில் ஓடவிட்டு அளந்து பாருங்கள். சராசரி 800 மில்லியாம்பியர் வந்தால் 2000ஐ 800ஆல் வகுங்கள், இரண்டரை மணி நேரம். இரண்டு மணி நேரம் என்றே கணக்கு வையுங்கள், கம்பளத்தில் ஓட்டினால் அதுவும் குறையும். அளந்ததும் கம்பியை மறக்காமல் வோல்ட் துளைக்கே மாற்றிவிடுங்கள், அப்படியே பேட்டரி முனைகளில் வைத்தால் ஷார்ட்தான்.