கடலில் பொரிக்கும் நண்டுக் குஞ்சு கழிமுகத்துக்குள் எப்படி வந்து சேர்கிறது?

கேள்வி (நீர்க்கோலம்):

வணக்கம். சேற்று நண்டின் தாய், முட்டைகளைச் சுமந்தபடி கழிமுகத்தை விட்டுக் கடலுக்குச் செல்கிறது என்றும், முட்டைகள் அங்கேதான் பொரிக்கின்றன என்றும் படித்தேன். ஆனால் விரல்நக அளவுள்ள குஞ்சு நண்டுகள் கழிமுகத்துக்குள்தான் தென்படுகின்றன. நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும் வலுவில்லாத ஓர் இளவுயிரி, ஏற்றத்தின்போது (கடல்மட்டம் உயரும்போது) உள்ளே வந்தாலும், ஆறு மணி நேரத்தில் தொடங்கும் வற்றம் (நீர் வடிதல்) அதை மறுபடியும் வெளியே இழுத்துச் சென்றுவிடாதா? உள்ளே வந்தபின், முதலில் இறங்கிய இடத்திலேயே தங்கிவிடுமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி (கரையோரன்):

பயணத்தைப் பேசுவதற்கு முன் பயணி யார் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. முட்டையிலிருந்து வெளிவருவது நண்டின் சாயல் சிறிதும் இல்லாத சோயியா. முதுகில் நீண்ட முள்ளும் பெரிய கண்களும் பின்னால் நீளும் வயிறுமாக, மிதவை உயிரிகளிடையே அது வாழ்கிறது. இதைத் தனியொரு பேரினம் என்றே ஒரு காலத்தில் விலங்கியலாளர்கள் எண்ணியிருந்தனர். 1820களில் ஜான் வாகன் தாம்சன், நண்டின் முட்டையிலிருந்து சோயியா வருவதைக் காட்டிய பிறகும் சிலர் ஏற்க மறுத்தார்கள் என்றால், உருவ வேறுபாடு எவ்வளவு பெரியது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சேற்று நண்டின் சோயியா ஐந்து நிலைகளைக் கடக்க, வெதுவெதுப்பான நீரில் ஏறக்குறைய 16 முதல் 20 நாள் ஆகும். ஐந்தாம் நிலை தோலுரித்ததும் மெகலோபா தோன்றுகிறது. அதற்குக் கொடுக்குகளும் நடக்கும் கால்களும் உண்டு. ஆனால் வயிறு இன்னும் அடியில் மடங்கிக்கொள்ளாததால், அதிலுள்ள துடுப்புகளைக் கொண்டு நீந்தவும் முடியும். 7 முதல் 10 நாளில் இது முதல் குஞ்சு நண்டாக மாறிவிடுகிறது. இடம் தேடி வரும் வேலை பெரும்பாலும் இந்தக் குறுகிய இடைக்காலத்துக்குள் நடந்தாக வேண்டும். சோயியா கடலிலேயே வளர்வதற்கு முதன்மையான காரணம் உப்பு: தாய் தாங்கிக்கொள்ளும் நன்னீர்க் கலப்பு அதைக் கொன்றுவிடும்.

மறுமொழி (ஓதக்கணக்கு):

வற்றம் வெளியே இழுத்துச் செல்லாதா என்ற கேள்விதான் இதில் சுவையானது. மெகலோபா விநாடிக்குச் சில சென்டிமீட்டர் தொலைவே நீந்தக்கூடியது. கழிமுக வாயின் ஓட்டமோ அதைப் போலப் பல மடங்கு வேகமுள்ளது. எனவே அது ஓட்டத்தோடு போராடுவதே இல்லை. மேலும் கீழுமாக மட்டும் நகர்கிறது. ஏற்றத்தின்போது நீரின் மேற்பகுதிக்கு எழுந்து உள்நோக்கிச் செல்லும் ஓட்டத்தில் ஏறிக்கொள்கிறது. வற்றம் தொடங்கியதும், உராய்வினால் ஓட்டம் மெதுவாக இருக்கும் அடித்தளத்துக்கு இறங்கிவிடுகிறது. பேருந்துக்குக் காத்திருப்பவர் எதிர்த்திசையில் போகும் வண்டியில் ஏறாமல் நிறுத்தத்திலேயே நிற்பதைப் போன்றதுதான் இது.

கரை தெரியாத ஆழத்தில் எந்தத் திசையில் நீர் ஓடுகிறது என்பதை அது எப்படி அறிகிறது? அமெரிக்க நீல நண்டில் இது விரிவாக ஆராயப்பட்டிருக்கிறது. ஏற்றம் கடல்நீரைக் கொண்டு வருவதால் அடித்தளத்தில் உப்பு கூடுகிறது. அந்தக் கூடுதலை உணர்ந்ததும் மெகலோபா மேலெழுகிறது. ஓட்டம் வேகமெடுக்கும்போது ஏற்படும் நீர்க்கலக்கம் அதைத் தொடர்ந்து நீந்த வைக்கிறது. ஏற்றம் முடிந்து நீர் ஓயும்போது கலக்கமும் அடங்குவதால் கீழே இறங்குகிறது. வற்றத்திலும் கலக்கம் உண்டு என்றாலும், அப்போது உப்பு குறைந்துகொண்டே போவதால் அது மேலே வருவதில்லை. கழிமுக நீரில் வெளிச்சம் இருந்தால் நீந்துவதை அடக்கிக்கொள்ளும் பழக்கமும் அதற்கு உண்டு. ஆகவே இந்தப் பயணம் பெரும்பாலும் இரவு ஏற்றங்களில், மீன்களின் கண்ணில் படாமல் நடக்கிறது. கரைக்கு அப்பாலுள்ள தெளிந்த கடல்நீரில் இதே மெகலோபா பகலிலும் நீந்துகிறது என்பதால், கழிமுக நீரில் கரைந்துள்ள பொருள்களை அது அடையாளம் காண்கிறது என்று கொள்ளலாம்.

கேள்வி கேட்டவர் (நீர்க்கோலம்):

மிக்க நன்றி. ஏற்ற இறக்கம் மிகக் குறைவாக உள்ள கடற்கரைகளில் இந்த உத்தி பயன்படாதே?

மறுமொழி (ஓதக்கணக்கு):

அங்கே காற்றின் பங்கு கூடுகிறது. மெக்சிகோ வளைகுடாவில் ஓதம் (கடலின் ஏற்ற வற்றம்) சிறியது. காற்று நீரைக் கரைப்பக்கம் தள்ளும்போதுதான் நீல நண்டின் மெகலோபாக்கள் திரளாக உள்ளே வருகின்றன. ஓதம் போதுமான அளவில் உள்ள, அமெரிக்கக் கிழக்குக் கரையின் செசபீக் விரிகுடாவிலும்கூட, முதலில் அவற்றைக் கடலிலிருந்து விரிகுடாவின் வாய்வரை கொண்டு வருவதில் காற்றுக்குப் பெரும் பங்குண்டு. ஆண்டுக்கு ஆண்டு வரத்து ஏறி இறங்குவதற்கு இது ஒரு காரணம்.

மறுமொழி (அலையாத்தி):

எல்லா நண்டுகளும் வெளியே போய்த் திரும்புவதில்லை என்பதையும் சேர்க்க வேண்டும். ஹாரிஸ் சேற்று நண்டு என்னும் சிறிய இனத்தின் சோயியாக்கள், உள்நோக்கி நகரும் அடிநீருக்கும் வெளிநோக்கி நகரும் மேல்நீருக்கும் இடையே இறங்கி ஏறி, கழிமுகத்துக்குள்ளேயே வளர்ந்துவிடுகின்றன.

அடுத்து, இறங்கும் இடம். மெகலோபா தன் கடைசித் தோலுரிப்பை ஓரளவு தள்ளிப்போடவோ விரைவுபடுத்தவோ வல்லது. ஒற்றைக் கொடுக்கு பெருத்த பிடில் நண்டுகளில், வளர்ந்த நண்டுகளின் வாடையுள்ள நீர் பட்டாலே உருமாற்றம் விரைவுபடுகிறது. நீல நண்டு கடற்புல்லை நாடுகிறது. அங்கே ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் அகலமுள்ள முதல் குஞ்சாக மாறி, 2 சென்டிமீட்டரைத் தாண்டிய பிறகு திறந்த சேற்றுப் பரப்புக்குப் பரவுகிறது. சேற்று நண்டில் நிலைமை சற்று வேறு. ஆய்வகத்தில் கடற்புல், சேறு, மணல் மூன்றையும் வைத்துப் பார்த்தபோது மெகலோபா எதையும் சிறப்பாகத் தேர்வு செய்யவில்லை. குஞ்சு நண்டுகளோ கடற்புல்லையே நாடின. எனவே இடத்தைத் தேர்வது இந்த இனத்தில் உருமாற்றத்துக்குப் பிறகே நடக்கிறது என்று கருதுவதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பிறகு 2 முதல் 10 சென்டிமீட்டர்வரை அகலமுள்ள இளநண்டுகள், வற்றத்தின்போதும் அலையாத்திப் பகுதியிலேயே தங்குகின்றன. அதற்கு மேல் வளர்ந்தவை ஏற்றத்தோடு மேய வந்து, வற்றத்தோடு ஆழத்துக்குத் திரும்புகின்றன.

ஒளிவிடம் இவ்வளவு முக்கியமாவதற்கு மீன்கள் மட்டும் காரணமல்ல. தோலுரித்த குஞ்சின் ஓடு கெட்டிப்படும்வரை, சற்று முன்பு வந்திறங்கிய மூத்த குஞ்சுகளே அதைத் தின்றுவிடுகின்றன. நண்டுக் குஞ்சு வளர்ப்போர் மெகலோபாத் தொட்டிகளில் வலைத்துண்டுகளைத் தொங்கவிடுவதும், அளவு வாரியாகக் குஞ்சுகளைப் பிரித்து வைப்பதும் இதனால்தான்.