பொள்ளாச்சி வீடு குரூப்: கார்த்தி வண்டியின் டக் டக் சத்தம்

வியாழன்

கார்த்தி, காலை 7:12
சித்தப்பா, என் இசுசூ வி-கிராஸ் பிக்கப்பில் மறுபடியும் அதே சத்தம். கேட்டுக்குள் திரும்ப ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் முன்பக்கம் டக் டக் டக் என்று வருகிறது. நேராகப் போனால் ஒன்றும் இல்லை.

கார்த்தி, 7:13
வலது முன் சக்கரத்தின் உள்பக்கம். படம் பாருங்கள்.

சண்முகம் சித்தப்பா, 7:40
பார்த்தேன் கண்ணு. ரிம்முக்கு உள்பக்கம் வட்டமாகக் கறுப்பாகத் தெறித்திருக்கிறதே, அது ரோட்டுத் தார் இல்லை. விரலில் தொட்டுத் தேய்த்துப் பார். பென்சில் கரி மாதிரி பளபளப்பு ஒட்டினால் சிவி ஜாயின்ட் கிரீஸ், அதாவது சக்கரத்தைச் சுற்றும் ஷாஃப்ட்டின் மடங்கும் மூட்டில் இருக்கும் கிரீஸ்.

கார்த்தி, 7:46
பளபளக்கிறது. மணலும் நறநறக்கிறது. ஆனால் ஜூனில்தானே அந்த ஜாயின்ட்டை மூடும் ரப்பர் பூட்டை மாற்றினேன்! பிப்ரவரியில் ஒரு தடவை, அப்புறம் ஜூன். வண்டியை உயர்த்தி லிஃப்ட் போட்ட இடத்தில் கேட்டால் ரப்பர் சரியில்லை, வேறு கம்பெனி போடுங்கள் என்கிறார்கள்.

சண்முகம் சித்தப்பா, 7:49
இடது பக்கம் ஒடித்தால் சத்தம் கூடுகிறதா, வலது பக்கமா?

கார்த்தி, 7:49
இடது.

சண்முகம் சித்தப்பா, 7:51
அப்படியென்றால் பெரும்பாலும் வலது ஷாஃப்ட்டில் சக்கரத்தின் பக்கம் இருக்கும் வெளி ஜாயின்ட்தான். இடது திரும்பும்போது பாரம் அந்தப் பக்கம் போகிறது. நேராக ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது வண்டி நடுங்கி, காலை எடுத்தால் நின்றுவிடுகிறது என்றால் ஷாஃப்ட்டின் மறுமுனையில் இருக்கும் உள் ஜாயின்ட். உனக்கு அது இல்லை, நல்லது.

கார்த்தி அம்மா, 8:05
தம்பி, ஞாயிற்றுக்கிழமை வால்பாறை கிளம்புகிறோமே. இந்த வண்டியில் போகலாமா?

சண்முகம் சித்தப்பா, 8:08
வேண்டாம் அண்ணி. ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் ஒடித்துக்கொண்டே ஏற வேண்டும். இந்த ஜாயின்ட்டுக்கு அதுதான் பெரிய வதை. ஓடும்போது உடைந்தால் ஷாஃப்ட் ஆடிப் போய் பிரேக் ஹோஸையே அடித்துவிடும். என் காரை எடுத்துக்கொள்ளுங்கள். சாவி வீட்டில்தான் இருக்கிறது.

கார்த்தி அம்மா, 8:10
சரிங்க தம்பி.

விக்னேஷ், 8:31
அண்ணா, ஃபோர் வீல் போடாமல் டூ வீலிலேயே ஓட்டினால் முன் ஷாஃப்ட்டுக்கு வேலையே இல்லையே?

சண்முகம் சித்தப்பா, 8:36
பழைய ஜீப்பில் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் பூட்டைத் திருப்பி விடுவோம், ஷாஃப்ட் நின்றுவிடும். இதில் அந்த மாதிரி ஹப் இல்லை விக்னேஷ். எஞ்சின் பாரம் வராவிட்டாலும் முன் சக்கரத்தோடு சேர்ந்து ஷாஃப்ட் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். பூட்டின் மடிப்புகளும் நாள் முழுக்க ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருக்கும்.

சண்முகம் சித்தப்பா, 8:47
கார்த்தி, இதைப் பொறுமையாகப் படி. ரப்பர் மேலும் குற்றம் இல்லை, வண்டி மேலும் இல்லை. கோணம்தான் காரணம். லிஃப்ட் போட்டால் சேஸிஸ் மேலே போகிறது. முன் டிஃபரன்ஷியல், அதாவது இரண்டு முன் ஷாஃப்ட்டுக்கும் விசையைப் பிரிக்கும் பெட்டி, சேஸிஸில் மாட்டியிருப்பதால் அதுவும் மேலே போகிறது. சக்கரம் தரையில்தான் நிற்கிறது. நடுவில் இருக்கும் ஷாஃப்ட் சரிந்துவிடுகிறது. அதனால் பூட்டின் மடிப்புகள் ஒரு பக்கம் நெரிந்து உரசிக் கிழிகின்றன. உன் வண்டி எவ்வளவு தூக்கியிருக்கிறது?

கார்த்தி, 8:50
50 மில்லிமீட்டர். ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த ஸ்ட்ரட் தலையில் 25 மில்லி ஸ்பேசர் கட்டை வைத்தார்கள்.

சண்முகம் சித்தப்பா, 8:58
அதுதான். ஸ்ட்ரட்டின் கால், சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்மின் நடுவாக்கில் நிற்பதால் தலையில் வைத்த 25 சக்கரத்தில் கிட்டத்தட்ட 50 ஆகிறது. அதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று உண்டு. ஸ்பேசர் மொத்த ஸ்ட்ரட்டையும் கீழே தள்ளுகிறது. பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது கம்பெனி வைத்த எல்லையைத் தாண்டித் தொங்கும். அந்த நேரத்தில் ஜாயின்ட் நெரிபடும். உயரமான ஸ்பிரிங் போட்டுத் தூக்கினால் அந்தத் தொல்லை இல்லை. ஷாக்கின் நீளம் மாறாததால் சக்கரம் பழைய அளவுக்குத்தான் தொங்கும். விலை கூடுதல் என்பதால் பல இடங்களில் ஸ்பேசரோடு அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு அது மனசுக்கு ஒப்பவே இல்லை.

கார்த்தி, 9:02
டிஃப் டிராப் கிட் என்று ஒன்று சொல்கிறார்களே?

சண்முகம் சித்தப்பா, 9:10
டிஃபரன்ஷியலை 25 மில்லி கீழே இறக்கும் கட்டைகள். கோணம் பாதியாகக் குறையும், உண்மை. ஆனால் டிஃபும் அதன் அடித்தகடும் 25 மில்லி இறங்குகின்றன. நீ எதற்காகத் தூக்கினாயோ அதில் பாதி அங்கே போய்விடும். 50 கட்டாயம் வேண்டும் என்பவருக்கு அது சரி. உனக்கு எதற்கு 50?

கார்த்தி, 9:12
தோப்பில் வாய்க்கால் மேடு ஏறும்போது அடி தட்டியது. அவ்வளவுதான்.

சண்முகம் சித்தப்பா, 9:13
அதற்கு 30 போதும். சனிக்கிழமை ஷெட்டுக்குக் கொண்டு வா, மெதுவாக ஓட்டிக்கொண்டு வா.

சனி

கார்த்தி, மாலை 6:20
எல்லோரும் கேட்டதால் எழுதுகிறேன். சித்தப்பா முதலில் டேப் வைத்து அளந்தார். இரண்டு ஜாயின்ட்டுக்கும் நடுவே 45 சென்டிமீட்டர். அதில் 50 மில்லி சரிந்தால் 6 டிகிரிக்கு மேல் கூடுகிறது. 30 மில்லி என்றால் 4 டிகிரிக்குள் அடங்கிவிடுகிறது. ஸ்பேசரைக் கழற்றி 30 மில்லி தூக்கும் ஸ்பிரிங் போட்டாயிற்று.

கார்த்தி, 6:24
வெளி ஜாயின்ட்டைத் திறந்தபோது எனக்கே வருத்தமாக இருந்தது. ஆறு குண்டுகள். அவை ஓடும் பள்ளத்தில் நகத்தை வைத்தால் தட்டுகிறது, சின்னச் சின்னக் குழிகள். மண்ணும் கிரீஸும் சேர்ந்து அரைத்த மாவு மாதிரி ஆகியிருந்தது.

சண்முகம் சித்தப்பா, 6:31
குழி விழுந்தால் புது ஜாயின்ட்தான். சத்தம் வராமல் பூட் மட்டும் கிழிந்திருந்தால் கழுவிப் பார்த்துவிட்டுப் புது கிரீஸும் பூட்டும் போட்டால் போதும். முதல் தடவையே கோணத்தைச் சரி செய்திருந்தால் இந்தச் செலவு வந்திருக்காது. பாக்கெட்டோடு வரும் கிரீஸையே முழுசாகப் போட வேண்டும். சாதா சேஸிஸ் கிரீஸ் போடாதீர்கள். பூட்டை இறுக்கும் கிளாம்ப் போடும் இடத்தில் கேபிள் டையும் கட்டாதீர்கள், இந்தப் பையனுக்கு ஜூனில் அதைத்தான் கட்டியிருக்கிறார்கள்.

விக்னேஷ், 6:40
ஹெட்லைட், அலைன்மென்ட்?

கார்த்தி, 6:42
அலைன்மென்ட் திங்கட்கிழமை. ஹெட்லைட்டைச் சுவரில் அடித்துப் பார்த்துக் கொஞ்சம் இறக்கிவிட்டோம்.

கார்த்தி, 6:45
வண்டியை இறக்கி நிறுத்தியபின் சித்தப்பா பூட்டின் மடிப்புகளுக்கு நடுவே ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையை நுழைத்துக் காட்டினார். போன வாரம் அந்த மடிப்புகள் ஒட்டிக்கொண்டு கிடந்தன.

அடுத்த சனி

கார்த்தி, காலை 10:05
தோப்பில் இரண்டு பக்கமும் முழு ஒடிப்பில் எட்டுப் போட்டுப் பார்த்தேன். சத்தம் இல்லை. வாய்க்கால் மேட்டிலும் தட்டவில்லை. ரிம் உள்பக்கப் படம் இதோ, வெறும் புழுதிதான்.

சண்முகம் சித்தப்பா, 10:20
படம் நன்றாக இருக்கிறது கண்ணு. 1,000 கிலோமீட்டர் ஆனதும் கொண்டு வா. புது ஸ்பிரிங் கொஞ்சம் உட்காரும், அலைன்மென்ட்டையும் கிளாம்ப்பையும் இன்னொரு தடவை பார்த்துவிடலாம்.

கார்த்தி அம்மா, 10:22
வரும்போது தம்பிக்குப் பத்துத் தேங்காய் எடுத்துக்கொண்டு போ கார்த்தி.