தப்பாக ஏறிய எண், தப்பாக வந்த சராசரி: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கணக்கு வாத்தியார்:
மதிப்பெண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் நேரத்தில் எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான். 40 பேர் உள்ள ஒரு வகுப்பு. விடைத்தாள் கட்டின் மேல் எழுதியிருந்த கூட்டுத்தொகையைவிடத் திரையில் 45 குறைவு. பதிவு செய்தவர் முதல் தாளிலிருந்து சரிபார்க்க உட்கார்ந்துவிட்டார், பாவம். 45 ஒன்பதால் வகுபடுகிறதே, கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

ஒரு எண்ணின் இரண்டு இலக்கங்கள் இடம் மாறிவிட்டால் வரும் வித்தியாசம் எப்போதும் 9-இன் மடங்காகத்தான் இருக்கும். 45 என்றால் அந்த இரு இலக்கங்களுக்கும் இடையே 5 வித்தியாசம். திரையில்தான் குறைகிறது. அப்படியானால் சிறிய இலக்கம் முன்னால் நிற்கும் 05, 16, 27, 38, 49 எடுத்தவர்களை மட்டும் பார்த்தால் போதும். 38 என்று இருந்த ஒரு பையனின் தாளை எடுத்தோம், 83!

சராசரியைத் திருத்த எல்லாவற்றையும் மறுபடி கூட்ட வேண்டியதில்லை. 45-ஐ 40-ஆல் வகுத்தால் 1.125. பழைய சராசரியோடு அதைச் சேர்த்தால் வேலை முடிந்தது. அலுவலக அறையில் ஒருவர் மட்டும் அறிக்கையில் பழைய சராசரியாக இருந்த 61.2-ஐ 40-ஆல் பெருக்கி, 2448-தான் பழைய கூட்டுத்தொகை என்று அடித்துச் சொன்னார். 61.2 என்பதே ஒரு தசமத்துக்குச் சுருக்கிய எண். உண்மைக் கூட்டுத்தொகை 2446 முதல் 2449 வரை எதுவாகவும் இருக்கலாம்.

பால் சொசைட்டி பக்கத்து வீடு:
வாத்தியார் சொல்லும் கணக்கு மதிப்பெண்ணுக்குச் சரி சார். பாலுக்கு அப்படியே போட்டால் உதைக்கும். எங்கள் ஊர் சொசைட்டியில் ஒருநாள் 60 பேர் ஊற்றியது மொத்தம் 600 லிட்டர். 4 லிட்டர் ஊற்றிய ஒரு அம்மாவின் பாலில் கொழுப்பு 4.1. புள்ளி விழாமல் 41 என்று ஏறிவிட்டது. அன்றைய சராசரிக் கொழுப்பு 4.55 என்று காட்டியது. வழக்கமாக 4.3 பக்கம்தான் நிற்கும்.

தப்பைக் கண்டுபிடித்த எழுத்தர் 36.9-ஐ 60 பேருக்கு வகுத்து 0.6 கழித்தார். 3.95 வந்தது. பாலில் தண்ணீர் கலந்துவிட்டார்களோ என்று பேச்சே கிளம்பிவிட்டது. ஆனால் அந்தச் சராசரி லிட்டர் கணக்கில் போட்டது, ஆள் கணக்கில் இல்லை. 36.9-ஐ 4-ஆல் பெருக்கி 600-ஆல் வகுத்தால் கால் புள்ளிகூட வராது, 0.246-தான். கழித்தால் 4.30. இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

கல்லூரிக்காரன்:
எங்கள் துறையில் வேறு கதை. தேர்வுக்கு வராத ஒருவருக்கு 0 போட்டுவிட்டார்கள். எக்செல் காலிக் கட்டத்தைச் சராசரியில் சேர்க்காது, 0 இருந்தால் சேர்த்துவிடும். 40 பேருக்கு 58.5 என்று வந்திருந்தது. 0-க்குப் பதில் வேறு எண் போட்டுத் திருத்தும் விஷயமில்லை இது, வகுக்கும் எண்ணே மாற வேண்டும். 2340-ஐ 39-ஆல் வகுத்தால் சரியாக 60.

பொருளாதாரம் படிப்பவள்:
சராசரித் தப்பில் உலகம் முழுக்கப் பேசப்பட்டது ஒன்று உண்டு. கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு. அரசுக் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டிய வளர்ந்த நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்றார்கள். செலவைக் குறைக்கச் சொன்ன அரசியல்வாதிகளுக்கு அது கையில் கிடைத்த ஆயுதம். தாமஸ் ஹெர்ன்டன் என்ற ஆராய்ச்சி மாணவர் வகுப்புப் பயிற்சிக்காக அதே கணக்கைப் போட்டுப் பார்த்தார். விடை வரவில்லை. எக்செல் கோப்பை வாங்கிப் பார்த்தால், சராசரிச் சூத்திரம் ஐந்து வரிசைகளுக்கு முன்பே நின்றுவிட்டது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஐந்தும் விடுபட்டிருந்தன. அவரும் அவருடைய பேராசிரியர்கள் இருவரும் 2013-இல் வெளியிட்ட திருத்திய சராசரி 2.2 சதவீதம்.

எல்லாரும் எக்செல் பிழையைத்தான் சொல்லிச் சிரித்தார்கள். அதனால் வந்த வித்தியாசம் 0.3 புள்ளி மட்டுமே. மீதி எல்லாம் சில ஆண்டுகளின் தரவைச் சேர்க்காமல் விட்டதிலும், பால் சொசைட்டி அண்ணா சொன்ன அதே எடைப் பிரச்சினையிலும், அதாவது எதற்கு எவ்வளவு பங்கு கொடுப்பது என்பதிலும் வந்தது. கடன் 90 சதவீதத்தைத் தாண்டிய நியூசிலாந்தின் ஒரே ஒரு மோசமான ஆண்டும் பிரிட்டனின் 19 ஆண்டுகளும் அந்தச் சராசரியில் சம எடையோடு உட்கார்ந்திருந்தன.

கணக்கு வாத்தியார்:
பால் கணக்கை வகுப்பில் சொல்லப்போகிறேன், அருமை. பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்திலும் இப்படி ஒரு பயிற்சி இருக்கிறது. 100 பேர், சராசரி 60, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) 15. 45-ஐ 40 என்றும் 72-ஐ 27 என்றும் பதிந்துவிட்டார்கள். சராசரி 60.5 என்று பிள்ளைகள் உடனே சொல்லிவிடுவார்கள். திட்ட விலக்கத்தை 15 என்றே விட்டுவிடுவார்கள். வர்க்கங்களின் கூட்டுத்தொகையையும் திருத்தினால் 14.61. இன்னொன்று, 72 இங்கே தலைகீழாகத்தான் விழுந்திருக்கிறது, ஆனாலும் என் ஒன்பது வித்தை பலிக்காது. கூட 5 சேர்ந்து மொத்த வித்தியாசம் 50 ஆகிவிட்டதே. அந்த மாதிரி நாளில் நாற்பது தாளையும் புரட்டத்தான் வேண்டும்.