நன்மங்கலத்தில் ஆந்தை, தவளை கணக்கெடுப்பு: ஐந்து ஒலிப்பதிவுக் கருவிகளை எப்படி வைப்பது?

புதர்க்காடு (தாம்பரம்):
எல்லாருக்கும் வணக்கம். முதுகலை விலங்கியல் படிக்கிறேன். நன்மங்கலம் காப்புக்காட்டில் கொம்பன் ஆந்தையும் தவளைகளும் எந்தெந்தப் பகுதியில் இருக்கின்றன என்று பார்ப்பதுதான் ப்ராஜெக்ட். துறையில் ஆடியோமாத் என்ற தானியங்கி ஒலிப்பதிவுக் கருவி ஐந்து இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் 64 ஜிபி கார்டு. முடிந்தால் வௌவாலையும் சேர்க்கச் சொல்கிறார் கைடு.

250 மீட்டருக்கு ஒன்றாக மாட்டி, 384 கிலோஹெர்ட்ஸ் பதிவு வேகத்தில் இடைவிடாமல் ஓடவிடலாம் என்று திட்டம். சாலை இரைச்சலும் விமானச் சத்தமும் வராமல் இருக்க, 1 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதைக் கருவியிலேயே வெட்டிவிடலாமா?

கல்லூரி வளாகத்தில் ஒன்றை மாட்டிப் பார்த்ததில் இரண்டு சிக்கல். கார்டு ஒரு நாள் முழுதாகத் தாங்கவில்லை. அப்புறம், நள்ளிரவு 12.30 என்று பெயர் இருக்கும் கோப்பைத் திறந்தால் காக்கையும் குயிலும் மைனாவும் அமர்க்களம் பண்ணுகின்றன. கருவி பழுதா?

கூழைக்கடா:
பழுதெல்லாம் இல்லை. கோப்பின் பெயரில் இருப்பது கிரீன்விச் நேரம். ஐந்தரை மணி நேரம் கூட்டினால் காலை 6 மணி, காக்கை கத்தாமல் என்ன செய்யும்! செட்டிங்கில் உள்ளூர் நேரத்துக்கு மாற்றலாம், மாற்றாமலும் விடலாம். ஆனால் ஐந்திலும் ஒரே மாதிரி இருக்கட்டும். பேட்டரி மாற்றினால் கடிகாரத்தை மறுபடி அமைத்துவிட்டுத்தான் மரத்தில் கட்ட வேண்டும்.

பிசிராந்தை:
தம்பி, அந்த 1 கிலோஹெர்ட்ஸ் வெட்டை முதலில் எடுத்துவிடுங்கள். கொம்பன் ஆந்தையின் 'பூ... போ' அடித்தொண்டைக் குரல். 500 ஹெர்ட்ஸுக்கும் கீழேதான் கிடக்கிறது, லாரி உறுமுகிற அதே இடத்தில். லாரியை வெட்டினால் ஆந்தையும் சேர்ந்து போகும். காட்டில் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டு, வடிகட்டும் வேலையை வீட்டுக்கு வந்து கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். கருவியில் வெட்டியது திரும்பக் கிடைக்காது.

கார்டு கணக்கு இதுதான். 384 கிலோஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 768 கேபி, மணிக்கு 2.76 ஜிபி. 64 ஜிபி 23 மணி நேரத்தில் நிரம்பிவிடும். அவ்வளவு வேகம் வௌவாலுக்குத்தான் தேவை. பதிவு வேகத்தில் பாதி வரைதான் ஒலி பிடிபடும் என்பதால், 50 கிலோஹெர்ட்ஸில் கத்தும் வௌவாலுக்கு 100க்கு மேல் வைத்தே ஆக வேண்டும். ஆந்தைக்கும் தவளைக்கும் 32 ஏராளம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் வீதம் மாலை 6 முதல் காலை 6 வரை பதிவு செய்தால் ஓர் இரவுக்கு 550 எம்பி சொச்சம். கார்டு மூன்று மாதம் தாங்கும், அதற்கு முன்னால் பேட்டரி படுத்துவிடும். ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் பதிவதைவிட, அதே அளவை இரவு முழுக்கத் தூவினால்தான் எப்போதோ ஒரு முறை குரல் கொடுக்கும் பறவை மாட்டும்.

வௌவாலை இதோடு போட்டுக் குழப்ப வேண்டாம். அதன் உயர் அதிர்வெண் ஒலி சில பத்து மீட்டருக்குள் காற்றிலேயே கரைந்துவிடும். ஆந்தைக் குரலோ அமைதியான இரவில் வெகுதூரம் போகும். 250 மீட்டர் இடைவெளியில் ஒரே ஆந்தை மூன்று கருவியில் விழுந்து, நீங்கள் மூன்று ஆந்தை என்று எழுதி வைப்பீர்கள். ஒன்றுக்கு ஒத்துவரும் இடைவெளி மற்றொன்றுக்கு ஒத்துவராது. கைடிடம் வௌவாலைத் தனிச் சுற்றாகக் கேளுங்கள்.

'எங்கெங்கே இருக்கிறது' என்பதுதான் கேள்வி என்றால் ஐந்தையும் ஓரிடத்தில் குவிக்காதீர்கள். ஒன்றைப் பழைய கல்குவாரிப் பள்ளத்தருகே கடைசி வரை அசைக்காமல் விடுங்கள், ஆந்தை இருப்பது உறுதியான இடம் அது. மீதி நான்கையும் வாரத்துக்கொரு முறை இடம் மாற்றுங்கள். ஒரு வாரம் முழுக்கச் சாலையோரம், மறுவாரம் முழுக்க உட்காடு என்று போகாமல் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டும் கலந்திருக்கட்டும். குவாரி ஆந்தையே வாய் திறக்காத இரவில் மற்ற இடங்களில் கேட்கவில்லை என்றால், அதை 'இல்லை' என்று எழுத முடியாது. ஒரே இடத்தில் பல இரவுகள் பதிவு இருந்தால்தான், இருந்தும் கேட்காமல் போகும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்குப் போடலாம்.

மேடவாக்கத்துக்காரி:
நாள்காட்டியையும் பாருங்கள். தவளைக்கு வடகிழக்குப் பருவமழையின் முதல் பெருமழை, அதாவது அக்டோபர், நவம்பர். குவாரிக் குட்டையோரம் கருவி தயாராக இருந்தால் அந்த ஓர் இரவே பாதி ப்ராஜெக்ட். ஆனால் அதே மழையில் டப்பா மேல் விழும் துளிச் சத்தம் ஆந்தைப் பதிவைக் கெடுக்கும். ஆந்தைக்கு மழை ஓய்ந்த குளிர்காலம்தான் சரி, இனப்பெருக்க காலமும் அதுதான். அங்கே இன்னொரு வில்லங்கம் மார்கழி: விடிவதற்கு முன்பே நாலு பக்கமும் கோயில் ஒலிபெருக்கி. எனவே அந்த மாதம் முன்னிரவை நம்புங்கள். தீபாவளி, போகி இரவுகளைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

பருத்த மரத்தில் கட்டாதீர்கள், பின்பக்க ஒலியை மரமே மறைத்துவிடும். மெல்லிய தண்டில், இலை உரசாத உயரத்தில் கட்டுங்கள். டப்பாவுக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். இடம் மாற்றும்போதெல்லாம் மைக் துளையை உற்றுப் பாருங்கள், குளவி மண் பூசி அடைத்திருக்கும்.

கூழைக்கடா:
அனுமதி வாங்கியாயிற்றா? காப்புக்காடு என்பதால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு கருவிகூட மாட்டக் கூடாது. நாளை கிண்டி தேசியப் பூங்காவையும் சேர்க்கலாம் என்று தோன்றினால், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி வேண்டும். எங்கே, எத்தனை கருவி, எத்தனை நாள் என்று வரைபடத்தோடு கல்லூரிக் கடிதம் கொடுங்கள். மனிதப் பேச்சு பதிவானால் அழித்துவிடுவோம் என்றும் அதில் ஒரு வரி எழுதுங்கள். கருவி மேல் துறையின் பெயரை ஒட்டிவிடுங்கள், வெடிகுண்டு என்று யாராவது பயந்துவிடப் போகிறார்கள்.

புதர்க்காடு:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. வௌவாலைத் தள்ளி வைக்கக் கைடு ஒத்துக்கொண்டார். வரைபடம் போட்டுக் கடிதம் தயார் செய்கிறேன். கடைசியாக ஒன்று: குரலை வைத்துப் பறவையை அடையாளம் சொல்லும் பேர்ட்நெட் மென்பொருளில் மதிப்பு 0.7க்கு மேல் வந்தால் ஆந்தை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பிசிராந்தை:
கூடாது. அது அந்த மென்பொருளின் தன்னம்பிக்கை, நிகழ்தகவு அல்ல. அதில் 0.7 என்றால் பத்துக்கு ஏழு சரி என்று பொருள் கிடையாது. உயர்ந்த மதிப்பு, நடு மதிப்பு, தாழ்ந்த மதிப்பு மூன்றிலிருந்தும் கொஞ்சம் கோப்புகளை எடுத்துக் காதால் கேளுங்கள். எந்த மதிப்புக்கு மேல் உங்கள் காட்டில் நம்பலாம் என்று அப்போதுதான் தெரியும், ஆந்தைக்கு ஒன்று, பக்கி என்ற இரவுப் பறவைக்கு வேறொன்று இருக்கும். விடியற்காலைக் கோப்புகளில் செண்பகத்தின் 'ஊப் ஊப்' ஆந்தைக் கணக்கில் நுழையப் பார்க்கும். ஒலியைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமைத் திறந்து பாருங்கள், செண்பகம் வரிசையாக அடுக்கும், ஆந்தை இடைவெளி விட்டு விட்டுக் கூப்பிடும். தவளைக்குப் பேர்ட்நெட்டை அவ்வளவாக நம்ப வேண்டாம், நம்மூர்த் தவளைக் குரல்களை நீங்களே கேட்டுப் பழகிவிடுவது உத்தமம்.