1943 எம்1 காரண்ட்: எல்லா நம்பரும் பொருந்துகிறது, "ஒரிஜினல்" என்று நம்பலாமா?

வால்நட்43:
ஓஹாயோவில் ஏலத்துக்கு வரும் ஸ்பிரிங்ஃபீல்டு எம்1 காரண்ட் (இரண்டாம் உலகப்போரின் அமெரிக்க ராணுவத் துப்பாக்கி) ஒன்றைப் பற்றி ஆலோசனை வேண்டும். சீரியல் 14 லட்சத்து 20 ஆயிரங்களில். பேரலில் (குழல்) "எஸ்ஏ 3 43", அதாவது ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரி, மார்ச் 1943. ஸ்டாக்கின் (மரக்கட்டை) இடப்பக்கம் ஈ.மெக்.எஃப் முத்திரை, பக்கத்தில் குறுக்குப் பீரங்கிச் சின்னம். லாக்பார் ரியர் சைட் (பூட்டுப் பட்டை வைத்த போர்க்காலப் பின்குறி), வெட்டு இல்லாத ஆப்பரேட்டிங் ராட் (காஸ் அழுத்தத்தால் பின்னே ஓடி போல்ட்டைத் திறக்கும் தண்டு), கடைந்தெடுத்த டிரிகர் கார்டு. எல்லா டிராயிங் நம்பரும் (பாகத்தின் வரைபட எண்) அந்தக் காலத்துக்குப் பொருந்துகிறது, ரீபில்டு ஆகாத (ராணுவப் பட்டறையில் பிரித்துப் பாகம் மாற்றப்படாத) ஒரிஜினல் என்று விவரத்தில் எழுதியிருக்கிறார்கள். ஆரம்ப விலையே சாதாரண எம்1 விலையைப் போல மூன்று மடங்கு. முன்பார்வை நாளில் அரை மணி நேரம் கையில் தருவார்கள், கழற்றிப் பார்க்கவும் அனுமதி உண்டு. எதிலிருந்து தொடங்குவது?

இழைப்புளி:
மரத்திலிருந்து தொடங்குங்கள். எம்1-இல் சீரியல் நம்பர் ரிசீவரில் (போல்ட் ஓடும் நடு இரும்புக் கூடு) மட்டும்தான் உண்டு. போல்ட், ராட், டிரிகர் ஹவுசிங் எல்லாவற்றிலும் இருப்பது டிராயிங் நம்பர். அது அந்தப் பாகம் எந்தக் காலத்து வடிவம் என்று சொல்லுமே தவிர, எந்தத் துப்பாக்கியோடு பிறந்தது என்று சொல்லாது. பட்டியலை வைத்துக்கொண்டு பாகம் தேடி வாங்கிப் பூட்டினால் எவரும் "கரெக்ட்" துப்பாக்கி ஒன்றைச் சேர்த்துவிடலாம். போர் முடிந்தபின் பெரும்பாலானவை ஆர்சனலுக்கு (ராணுவ ஆயுதப் பட்டறை) போய்ப் பிரித்து மாற்றப்பட்டவை. அதற்குத் தப்பியது அரிது, மூன்று மடங்கு விலை அந்த அரிதுக்குத்தான். எல்லா நம்பரும் அச்சாகப் பொருந்தினால் எனக்குச் சந்தேகம் கூடத்தான் செய்யும்.

ஈ.மெக்.எஃப் என்பது ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரியின் தலைமை அதிகாரி ஏர்ல் மெக்ஃபார்லாண்டின் பெயர்ச் சுருக்கம். முத்திரை வரிசையில் ஜி.எச்.எஸ்-க்குப் பின், ஜி.ஏ.டபிள்யூ-க்கு முன். 1943 வசந்தத்துக்குச் சரியானதே. ஆனால் போலி முத்திரை அச்சுகள் விற்பனையில் கிடைக்கின்றன. எனவே எழுத்தை விட எழுத்தைச் சுற்றியுள்ள மரத்தைப் பாருங்கள். டார்ச்சைப் படுக்கையாகச் சாய்த்து, முத்திரையின் மேல் ஓடும் பழைய சிராய்ப்பு ஒன்றைத் தேடுங்கள். முத்திரை முதலில் விழுந்து அடி பிறகு பட்டிருந்தால், அந்தப் பள்ளத்தில் எழுத்தின் கோடு நசுங்கிக் காணாமல் போயிருக்கும். பள்ளத்தின் அடியிலும் கோடு கூர்மையாக இறங்கியிருந்தால் அச்சு அண்மையில் அடித்தது. கைப்பிடியில் வட்டத்துக்குள் இருக்கும் "பி" எழுத்தும் இதே அளவு தேய்ந்திருக்க வேண்டும். கூடுதலாக இன்னொரு "பி" இருந்தால் ரீபில்டு.

அடுத்து பட் பிளேட் (ஸ்டாக்கின் பின்முனை இரும்புத் தகடு) ஓரம். தொழிற்சாலை ஸ்டாக்கில் மரம் இரும்பை விட மயிரிழை அளவு மேடாக நிற்கும், நகத்தால் தடவினால் தட்டும். சமமாகவோ இறங்கியோ இருந்தால் சாண்ட்பேப்பர் போட்டிருக்கிறார்கள். இழைத்த மரத்தில் முத்திரை மட்டும் கூர்மையாக இருக்க வழியே இல்லை.

பத்துமடங்கு_லென்ஸ்:
இழைப்புளி சொன்னதோடு இரும்பையும் சேர்த்துப் பாருங்கள். முதலில் போல்ட்டைத் திறந்து, க்ளிப்பும் சேம்பரில் தோட்டாவும் இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். போல்ட் பாய்ந்து கட்டை விரலைக் கடிக்கும், உள்ளங்கை ஓரத்தால் ராட் கைப்பிடியைத் தாங்கிக்கொள்ளுங்கள்.

டிரிகர் கார்டைப் பின்னாலிருந்து நெம்பி இறக்கி டிரிகர் குழுவை வெளியே எடுத்தால் ஸ்டாக் தனியே வந்துவிடும். ரிசீவரின் வலது முன்காலில் டி28291 என்று தொடங்கும் நம்பர் தெரியும். முக்கியமான சோதனை இதுதான். ராணுவம் டார்ச்சால் வெட்டிக் கழித்த ரிசீவர்களை வாங்கி, ஒன்றின் முன்பாதியையும் இன்னொன்றின் பின்பாதியையும் ஒட்டவைத்து விற்ற காலம் ஒன்று உண்டு. சீரியல் பின்பாதியில், டிராயிங் நம்பர் முன்பாதியில். சீரியல் 1943 என்று சொல்ல, காலில் அந்த நம்பரின் கடைசியில் "-35" இருந்தால் அது 1944 கடைசி அல்லது 1945 ரிசீவரின் முன்பாதி. 6528291 இருந்தால் 1950-கள். அங்கேயே துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், சுடவும் தகாது. நிற வேறுபாட்டை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், வெப்பப் பதத்தாலும் பார்க்கரைசிங் (துருத் தடுக்கும் பாஸ்பேட் பூச்சு) இரு நிறமாகப் பிடிக்கும். உட்சுவரில் கிரைண்டர் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். அதே காலில் மின்பேனாவால் ஆர்.ஆர்.ஏ.டி, எல்.இ.ஏ.டி என்று ராணுவக் கிடங்கின் பெயர்ச் சுருக்கம் கீறியிருந்தால் ரீபில்டு, பேச்சே வேண்டாம்.

இனி ராட். போர்க்கால ராடில் கைப்பிடிப் பகுதி குழாயோடு சேரும் மூலை செங்கோணம். அந்த மூலையில் விரிசல் விழுந்ததால்தான் பிறகு அரைவட்ட வெட்டு போட்டார்கள், ரீபில்டுக்கு வந்தவற்றிலும் போட்டார்கள். வெட்டு இல்லாத ராடுக்குச் சேகரிப்பாளரிடம் நல்ல விலை, எனவே வெட்டை வெல்டு வைத்து நிரப்பி விற்பவர்கள் இருக்கிறார்கள். லென்ஸில் மூலை மழுங்கலாகவோ, சுற்றி வளையம் போல நிறம் மாறியோ இருந்தால் நிரப்பியது. ராடில் 7790722 என்ற நம்பர் இருந்தால் அது போருக்குப் பிந்தையது, லென்ஸே தேவையில்லை.

ஹெட்ஸ்பேஸ்1940:
அளவுகளை நான் சொல்கிறேன். ஹெட்ஸ்பேஸ் (மூடிய போல்ட்டுக்கும் தோட்டா தங்கும் சேம்பருக்கும் உள்ள இடைவெளி): கோ கேஜ் 1.940 அங்குலம், போல்ட் மூட வேண்டும். நோ-கோ 1.946, மூடாதிருப்பது நல்லது. ஃபீல்டு 1.950-இல் மூடினால் சுடக்கூடாது. கேஜ் வைக்கும்போது போல்ட்டை விரலால் மெல்ல இறக்குங்கள், எஜெக்டரின் ஸ்பிரிங் அழுத்தம் அளவைப் பொய்யாக்கும் என்பதால் போல்ட்டைப் பிரித்துவிட்டுப் பார்ப்பதே துல்லியம்.

பேரலின் தேய்மானத்துக்கு மசில் (குழல் வாய்) கேஜ், த்ரோட் (சேம்பருக்கு முன்னுள்ள தொடக்கம்) கேஜ் இரண்டும் வேண்டும், எண் கூடினால் தேய்மானம் கூடுதல். தோட்டாவைத் தலைகீழாகக் குழல் வாயில் செருகிப் பார்ப்பது அளவே அல்ல. சிஎம்பியின் (ராணுவத் துப்பாக்கிகளைப் பொதுமக்களுக்கு விற்கும் அமெரிக்க அமைப்பு) சர்வீஸ் கிரேடு என்றால் மசில் 3-க்குள், த்ரோட் 5-க்குள். ஆனால் சேகரிப்புக்கு வாங்குபவர் த்ரோட் 6 என்று பார்த்து ஒரிஜினல் பேரலை ஒதுக்கக் கூடாது. தேய்ந்த 3-43 பேரல், புத்தம் புதிய மாற்றுப் பேரலை விட மதிப்பு மிக்கது. ராட் பிஸ்டனின் (காஸ் தள்ளும் முன்முனை) விட்டம் 0.525 அங்குலத்துக்குக் கீழே போனால் காஸ் கசிந்து துப்பாக்கி சோம்பலாக இயங்கும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு மேலும் கீழும் சாய்த்துப் பாருங்கள், ராடும் போல்ட்டும் தானாகச் சரிந்து ஓட வேண்டும். எங்காவது நின்றால் ராட் வளைந்திருக்கிறது அல்லது மரத்தில் உரசுகிறது.

வால்நட்43:
பார்த்தாயிற்று. ரிசீவர் கால் நம்பர் 1943-க்குப் பொருந்துகிறது, உள்ளே கிரைண்டர் கோடு இல்லை, மின்பேனா எழுத்தும் இல்லை. மசில் 2, த்ரோட் 4. பட் பிளேட் ஓரத்தில் மரம் இரும்போடு சமம். முத்திரைக்கு நடுவே ஓடும் சிராய்ப்பின் அடியிலும் "மெக்" எழுத்து தெளிவாக இறங்கியிருக்கிறது. ராடில் டி35382 இருக்கிறது, ஆனால் மூலையைச் சுற்றி அரை நிலா வடிவில் சாம்பல் நிறம்.

இழைப்புளி:
அப்படியானால் ஸ்டாக் இழைத்து முத்திரை அடித்தது. ஒரிஜினல் என்பதற்குத் தருகிற கூடுதல் விலையில் பாதிக்கு மேல் அந்த முத்திரைக்குத்தான், அதை முழுதாகக் கழித்துவிடுங்கள்.

பத்துமடங்கு_லென்ஸ்:
ராடும் நிரப்பியதே. அதன் மதிப்பு பூஜ்ஜியம், வெல்டு வெப்பம் பட்ட ராடை வைத்துச் சுடவே கூடாது. மிச்சம் இருப்பது நல்ல ரிசீவர், அதோடு தேதி பொருந்தும் நல்ல பேரல், லாக்பார் சைட். இப்போது நகல் லாக்பார்களும் வருவதால் சைட்டைத் தனியாகச் சோதித்துவிட்டு விலை போடுங்கள். சாதாரண எம்1 விலைக்கு மேல் பேரலுக்கும் சைட்டுக்கும் கொஞ்சம் சேர்க்கலாம், மூன்று மடங்கு கிடையாது.

ஹெட்ஸ்பேஸ்1940:
அந்த விலைக்குள் கிடைத்தால் எடுங்கள். சுட வேண்டுமென்றால் வெட்டு உள்ள 7790722 ராட் ஒன்று, புது ஸ்பிரிங் ஒன்று. தோட்டா 150 கிரெய்ன் எடை, எம்2 பால் (ராணுவத்தின் வழக்கமான தோட்டா) அளவிலேயே. மெதுவாக எரியும் பவுடர் போட்ட கனமான வேட்டைத் தோட்டா காஸ் துளையில் அழுத்தத்தை ஏற்றி ராடை வளைத்துவிடும். நிரப்பிய ராடைத் தூக்கி எறியாமல் "வெல்டு" என்று சீட்டுக் கட்டி வையுங்கள், நாளை இன்னொருவர் கைக்கு "ஒரிஜினல்" என்று போய்விடக் கூடாது.